பாங்காக், கோலாலம்பூர், சைகான்: லேப்டாப்போட முதல் தடவை கிளம்பறவங்க எங்க போகலாம்?

யாருக்காக எழுதறேன்னு முதல்லயே சொல்லிடறேன். ஐடி, டிசைன், கண்டென்ட், டேட்டா மாதிரி லேப்டாப் வேலை, எங்க இருந்து வேணா பாத்துக்கோன்னு கம்பெனி மெயில்ல ஓகே சொல்லியாச்சு, இல்லன்னா சொந்தமா ரெண்டு மூணு கிளையண்ட் வச்சிருக்கீங்க, வெளிநாட்டுல ஒரு பெரிய ஊர்ல ரெண்டு மூணு மாசம் தங்கி வேலை பாக்கணும்னு ஆசை, ஆனா இதுவரைக்கும் சின்ன டூர் போனதத் தவிர வெளிய இருந்ததில்ல. இந்த நிலமைல இருக்கறவங்க என்கிட்ட கேக்கும்போது பேச்சு கடைசில மூணு ஊர்ல வந்து நிக்கும். பாங்காக், கோலாலம்பூர், அப்புறம் ஹோ சி மின் சிட்டி, அதாவது அங்க இருக்கறவங்களே இன்னும் சைகான்னு சொல்ற ஊர். மூணுலயும் தங்கி வேலை பாத்திருக்கேன், மூணுமே எனக்குப் பிடிச்ச ஊர்தான், ஆனா முதல் தடவை தனியா போற ஒருத்தருக்கு மூணும் ஒண்ணு கிடையாது.

ஒரு புது ஊரைப் பத்தி முதல் வாரம் நமக்குத் தோணுறது பெரும்பாலும் ஏர்போர்ட்ல இருந்து ரூம் வரைக்கும் வந்த வழி, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு, வைஃபை வேகம் இவ்வளவுதான். இது மூணும் நல்லா இருந்தா ஊரே நல்லா இருக்குன்னு மனசு முடிவு பண்ணிடும். மூணாவது வாரத்துல நம்மள அங்க இருக்க வைக்கறது வேற விஷயம்: லேப்டாப்ப மூடினதுக்கு அப்புறம், கையில வண்டி இல்லாம, கூட ஆள் இல்லாம, கீழ இறங்கி நடந்து போய் ஒரு மணி நேரம் நல்லபடியா கழிக்க முடியுதா. இதை வச்சுப் பாத்தா என் ஓட்டு பாங்காக்குக்குத்தான், அதுவும் முதல் மூணு நாள்ல மூணு ஊர்லயும் ரொம்பப் படுத்தற ஊர் பாங்காக்தான்னு தெரிஞ்சே சொல்றேன்.

கேஎல்ல இருந்து, அதாவது கோலாலம்பூர்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் அதைத்தான் முதல்ல யோசிக்கறாங்க, அதுக்கு நியாயமும் இருக்கு. சென்னைல இருந்தும் திருச்சில இருந்தும் நேரடி ஃப்ளைட், நாலு மணி நேரம். ஏர்போர்ட் ஊர்ல இருந்து 57 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, ஆனா எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிஷத்துல கேஎல் சென்ட்ரல்ல இறக்கி விட்டுடும், டிக்கெட் 55 ரிங்கிட். சென்ட்ரல்ல இருந்து வெளிய வந்து ரோட்டைத் தாண்டினா பிரிக்ஃபீல்ட்ஸ், மல்லிப்பூ கட்டி விக்கறாங்க, கடை போர்டு தமிழ்ல இருக்கு, வாழை இலைல சாப்பாடு போடறாங்க. மலாய் எழுத்து ரோமன்லதான், அதனால எந்த போர்டையும் வாசிக்கலாம், இங்கிலீஷ் எங்க போனாலும் எடுபடும். கண்டோ, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓனர் இருக்கற அடுக்குமாடி வீடு, எடுத்தா மேல நீச்சல்குளம், ஜிம், ஜன்னல் வழியா தூரத்துல இரட்டை கோபுரம், இந்தப் பக்கம் 678.9 மீட்டர் உயரத்துல மெர்டேக்கா 118ங்கற கட்டடம். முதல் நாள் ராத்திரியே வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, ஒரு கவலையும் வேண்டாம்மான்னு சொல்லிடலாம். பயமே இல்லாம இறங்கக்கூடிய ஊர்னா மூணுல இதுதான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ரெண்டாவது வாரத்துலதான் கால் தடுக்க ஆரம்பிக்கும். நான் இருந்த கண்டோவோட பால்கனில நின்னா ரயில் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும், பிளாட்ஃபாரத்துல நிக்கற ஆளக்கூடப் பாக்கலாம், ஆனா நடந்து போக வழி இல்ல. நடுவுல ஆறு லேன் ஹைவே, கேட்டுல இருந்து வர்ற நடைபாதை ஒரு பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து அப்படியே முடிஞ்சுடும், அதுக்கப்புறம் புல்லு, சாக்கடை, கார் திரும்பற வளைவு. பாலம் ஏறணும்னா வேற பக்கமா சுத்தி வரணும், அதுக்குள்ள நாலு மணி மழை வந்துடும், கேஎல் சாயங்கால மழை சும்மா தூறல் கிடையாது, இடியோட கொட்டும். கடைசில என்ன ஆகும்னா பால் வாங்கக்கூட கிராப் ஆப்ல கார் புக் பண்ணுவோம். காசு பெருசா ஆகாது, ஆனா ரூம்ல இருந்து கார், கார்ல இருந்து மால், மால்ல இருந்து கார்னு ஊரோட காத்தே படாம வாரம் ஓடிடும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் எல்லாம் இருக்கு, புட்ராஜெயா லைன் 2023ல முழுசா திறந்த அப்புறம் நிறைய இடம் போகலாம், ரயில் நல்ல ரயில்தான். சிக்கல் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற அந்தக் கடைசி ஐநூறு மீட்டர். உள்ளூர்க்காரங்க கிட்ட கார் இருக்கு, புரோட்டானோ பெரோடுவாவோ வீட்டுக்கு வீடு நிக்குது, அவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. மாசத்துக்கு 50 ரிங்கிட் கட்டி ஊர் முழுக்கப் போற பாஸ் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்படுவீங்க, அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், நமக்குக் கிடைக்காது.

கேஎல்தான் வேணும்னு முடிவு பண்றவங்க அப்ப ஏரியாவை இதை வச்சே பாருங்க. மோன்ட் கியாராவ எல்லாரும் சொல்லுவாங்க, வெளிநாட்டுக்காரங்க நிறைய, கட்டடம் எல்லாம் பளிச்சுனு இருக்கும், ஆனா கார் இல்லாம அங்க இருக்காதீங்க. பிரிக்ஃபீல்ட்ஸ், இல்லன்னா பங்சார்ல ஸ்டேஷனை ஒட்டி, அதுவும் கட்டட வாசல்ல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் மேப்ல ஸ்ட்ரீட் வியூ போட்டு நடந்து பாத்துட்டு எடுங்க. இன்னொண்ணு, ராத்திரி ஒரு மணிக்கு வீடியோ கால் முடிச்சுட்டு பசியோட இறங்கினா மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தற சாப்பாட்டுக் கடை, திறந்திருக்கும், ரொட்டி சானாயும் தே தாரிக்குங்கற ஆத்தின டீயும் மேஜைக்கு வரும், அண்ணேன்னு கூப்பிட்டா ராமநாதபுரம் பக்கத்து ஆளு திரும்பிப் பாக்கவும் வாய்ப்பு இருக்கு. அந்த நேரத்துக்கு கேஎல்ல அடிச்சுக்க மத்த ரெண்டு ஊராலயும் முடியாது. அதே சமயம் அங்க இருக்கற தமிழர்களோட வாழ்க்கை ரப்பர் தோட்டத்துல இருந்து தலைமுறை தலைமுறையா அவங்க உழைச்சு உண்டாக்கினது, பள்ளிக்கூடம், பத்திரிகை, ரேடியோ, பத்துமலைன்னு எல்லாம் அவங்க காப்பாத்தி வச்சிருக்கறது. நம்ம வசதிக்கு விரிச்சு வச்ச பாய்னு நினைச்சுப் பழகினா அவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். மரியாதையா, மெதுவாப் பழகுங்க.

இப்ப பாங்காக். முதல் நாள் சத்தியமா நல்லா இருக்காது. சுவர்ணபூமில இருந்து ஏர்போர்ட் ரயில் லிங்க் பயா தாய் வரைக்கும் வருது, அரை மணி நேரம், 45 பாட்தான், ஆனா சாயங்கால நேரத்துல ஏறினா பெட்டியோட நிக்க இடம் கிடைக்காது. வெளிய வந்தா சூடு முகத்துல அறையும், தலைக்கு மேல கரன்ட் வயர் கொத்துக் கொத்தா தொங்கும், ஒரு எழுத்தும் வாசிக்க வராது. சுகும்வித் ரோட்டுல இருந்து பிரியற சந்துங்களுக்கு சோய்னு பேரு, அதோட நம்பர் ஒரு பக்கம் ஒத்தப்படை, எதிர்பக்கம் இரட்டைப்படை, இது வரைக்கும் சரி, ஆனா ரெண்டும் சேந்து போகாது, சோய் 55க்கு நேர் எதிர்ல நிக்கறது சோய் 38. ராத்திரி அட்ரஸ் தேடி அலையறவங்களுக்கு இது தெரியாம மண்டை காயும். சைவம் சாப்பிடறவங்களுக்கு தெரு முழுக்க மீன் சாஸ் வாடை. டாக்சி சில பேர் மீட்டர் போடமாட்டேம்பாங்க. தங்கின இடம் நானாலயோ காவ் சான்லயோ இருந்துட்டா ராத்திரி தூக்கமும் போச்சு. இந்த மூணு நாளை வச்சு ஊரை எடை போட்டு சியாங் மாய்க்கோ வீட்டுக்கோ டிக்கெட் போட்டவங்களை எனக்குத் தெரியும், அவங்களைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனா அந்த மூணு நாள் தாண்டி, சரியான சோய்ல ஒரு ரூம் எடுத்துட்டீங்கன்னா நிலமை தலைகீழா மாறும். ஆன் நட் பக்கம் நான் இருந்த சோய எடுத்துக்கோங்க, காலைல ஏழு மணிக்குக் கீழ வந்தா வாசல்லயே ஒரு அக்கா அடுப்பு போட்டு பன்றிக்கறி குச்சி வாட்டிக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துல ஒட்டரிசி சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்ல சூடா கட்டி வச்சிருக்கும், வரிசையா பிக்கு ரெண்டு பேர் வந்தா அந்த அக்கா அடுப்ப விட்டுட்டு செருப்பக் கழட்டிட்டு மண்டி போட்டு ஒரு கவர் அவங்க பாத்திரத்துல வச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, மறுபடி குச்சியத் திருப்பப் போயிடுவாங்க. நாலு கடை தள்ளி கிலோ கணக்குல துணி துவைச்சுத் தேய்ச்சுத் தர்ற வீடு, அதுக்கடுத்து வெட்டின பழம் ஐஸ் மேல வச்சு விக்கற வண்டி, முனைல ஆரஞ்சு கோட்டு போட்ட பைக் டாக்சிக்காரங்க வரிசையா உக்காந்திருப்பாங்க, பத்து இருபது பாட்டுக்கு பிடிஎஸ்ங்கற மேம்பால ரயில் ஸ்டேஷன் வாசல்ல விட்டுடுவாங்க. அங்க இருந்து ஊரோட பாதி உங்க கைல. பிடிஎஸ் 1999ல வந்தது, எம்ஆர்டிங்கற மெட்ரோ 2004ல, ரெண்டுக்கும் டிக்கெட் தனித்தனி, எம்ஆர்டில நம்ம விசா, மாஸ்டர் கார்டையே தட்டிட்டுப் போகலாம், பிடிஎஸ்க்கு ராபிட் கார்டு வாங்கி வச்சுக்கறது நல்லது, பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும் விட எனக்குப் பெருசாப் பட்டது தனியா சாப்பிடறது. அந்த ஊர்ல ஒரு தட்டு சோறு, ஒரு கிண்ணம் நூடுல்ஸ்னு எல்லாமே ஒருத்தருக்கு அளவாத்தான் வருது, ரோட்டோர மேஜைல ஆபீஸ் முடிச்சவங்க ஆளுக்கு ஒரு ஸ்டூல்ல தனியா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க, நீங்க தனியா வந்திருக்கீங்கன்னு ஒருத்தரும் ஒரு மாதிரி பாக்கமாட்டாங்க. துணை இல்லாம போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு ரெண்டாவது வாரத்துல புரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லும்பினி பார்க்ல ஒருநாள் ஓடிப் பாருங்க. நூத்துக்கணக்குல ஆளுங்க ஓடிக்கிட்டு இருப்பாங்க, ஸ்பீக்கர்ல தேசிய கீதம் ஆரம்பிச்ச உடனே எல்லாரும் ஓடின இடத்துலயே நிப்பாங்க, மூச்சு வாங்கிக்கிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட, ஏரிக்கரைல உடும்பு மட்டும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும், பாட்டு முடிஞ்சதும் யாரும் எதுவும் சொல்லாம மறுபடி ஓட ஆரம்பிப்பாங்க. நாமளும் நின்னுடணும். காலைல எட்டு மணிக்கு ஸ்டேஷன்லயும் இதே மாதிரிதான். லும்பினில இருந்து நடைபாலம் வழியா பெஞ்சகிட்டி பார்க்குக்கே போயிடலாம், பழைய புகையிலை ஃபேக்டரி இடத்துல 2022ல திறந்த காட்டுப்பகுதி, தண்ணி மேல மரப்பாதை மாதிரி தூக்கிக் கட்டியிருக்காங்க. ஊர் நடுவுல காசு குடுக்காம இப்படி ரெண்டு மணி நேரம் நடக்க முடியறது நான் பாத்த பெரிய ஆசிய நகரங்கள்ல ரொம்ப அபூர்வம்.

நேர வித்தியாசத்த யாரும் சரியா யோசிக்கறதில்ல, அது ஊரையே மாத்திடும். தாய்லாந்தும் வியட்நாமும் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி, மலேசியா ரெண்டரை மணி நேரம். இந்திய டீமோட காலைல ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்அப்னா பாங்காக்ல அது பதினொண்ணு, கேஎல்ல மத்தியானம் பன்னெண்டு. அதாவது காலை முழுக்க உங்களோடது, சந்தைக்குப் போகலாம், நடக்கலாம், கோயில் பாக்கலாம், அப்புறமா வந்து வேலைல உக்காரலாம். பதிலுக்கு இந்தியாவுல ஏழு மணிக்கு முடிக்கற வேலை பாங்காக்ல எட்டரைக்கும் கேஎல்ல ஒன்பதரைக்கும் முடியும். கேஎல்ல சூரியன் உதிக்கறதே ஏழு மணி வாக்குலதான், அதனால காலை நேரமும் கொஞ்சம் சுருங்கிடும். லண்டன் கிளையண்ட்னா பிரச்சனை இல்ல, அவங்க காலை ஒன்பது பாங்காக்ல கோடைக்காலத்துல மூணு, குளிர்காலத்துல நாலு. நியூயார்க் கிளையண்ட்தான் கஷ்டம், அவங்க காலை ஒன்பது பாங்காக்ல ராத்திரி எட்டோ ஒன்பதோ, கேஎல்ல இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி. அமெரிக்க நேரத்துல வேலை பாக்கறவங்களுக்கு நான் மேல சொன்ன சாயங்கால நடையெல்லாம் கிடைக்காது, அவங்க மட்டும் அந்த ராத்திரி மாமாக் கடையக் கணக்குல எடுத்து கேஎல்ல மறுபடி யோசிக்கலாம்.

சைகான் முதல் மணி நேரத்துலயே ஆளப் பயமுறுத்தி, முதல் வாரத்துக்குள்ள மயக்கிடும். தான் சோன் நாட் ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கு, வெளிய வந்த உடனே பைக் வெள்ளம். ரோடு தாண்டறதுக்கு உள்ளூர்க்காரங்க பண்றதப் பாத்துப் பண்ணுங்க: மெதுவா, ஒரே வேகத்துல, நிக்காம, பின்னாடி வராம நடக்கணும், பைக்குங்க உங்களைச் சுத்திப் போயிடும். ஃபோனை ரோட்டுப் பக்கக் கைல பிடிக்காதீங்க, பைக்ல வந்து பறிச்சுட்டுப் போறது அங்க நடக்கறதுதான். ஆனா வேலை பாக்கறதுக்குன்னே ஒரு ஊர் கட்டினா இப்படித்தான் இருக்கணும்னு தோணும், அவ்வளவு காபிக் கடை, சந்துக்குள்ள, மாடில, பழைய அப்பார்ட்மென்ட் நாலாவது மாடில, எல்லாத்துலயும் வைஃபை, பிளக் பாயின்ட், ஒரு காபி வாங்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்தாலும் முகம் சுளிக்கமாட்டாங்க, காபிக்குப் பக்கத்துல கேக்காமலே ஐஸ் டீ வேற வச்சுட்டுப் போவாங்க. பாங்காக்ல நல்ல கஃபே நிறைய சாயங்காலமே மூடிடுது, சைகான்ல ராத்திரி பத்து வரைக்கும் உக்காரலாம். அட்ரஸ்ல சாய்கோடு போட்டு 18/4/7ன்னு இருந்தா 18ம் நம்பர் சந்துக்குள்ள போய், அதுக்குள்ள 4ம் நம்பர் சந்து, அதுல 7ம் வீடு. 2025 ஜூலைல பின் துவாங், வுங் தாவ் பகுதியெல்லாம் சேத்து ஊரைப் பெருசாக்கி டிஸ்ட்ரிக்ட் அமைப்பையே எடுத்துட்டாங்க, ஆனா வாடகை விளம்பரத்துல எல்லாரும் இன்னும் டிஸ்ட்ரிக்ட் 1, டிஸ்ட்ரிக்ட் 3ன்னுதான் பேசறாங்க. மெட்ரோ 2024 டிசம்பர்லதான் வந்துச்சு, ஒரே லைன், 19.7 கிலோமீட்டர், அது போற பக்கம் தாவோ தியென் ஏரியாவுல ரூம் எடுத்தா உதவும், மத்தபடி பைக் டாக்சிதான்.

சைகானை நான் முதல் இடத்துல வைக்காததுக்கு ரெண்டு காரணம். கடலுக்கடில போற இன்டர்நெட் கேபிள் அங்க அடிக்கடி பழுதாகும், சரியாக வாரக்கணக்குல ஆகும், அப்போ உள்ளூர் சைட் எல்லாம் பறக்கும், வெளிநாட்டு சர்வரோட வீடியோ கால் மட்டும் திணறும். சொந்த கிளையண்ட்னா சமாளிக்கலாம், புது வேலைல இருக்கறவங்களுக்கு இது தலைவலி. ரெண்டாவது, பைக் ஓட்டாம அந்த ஊரை முழுசா அனுபவிக்க முடியாது, ஆனா நம்ம ஊர்ல குடுக்கற இன்டர்நேஷனல் லைசென்ஸ் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி, வியட்நாம் ஏத்துக்கறது 1968 ஒப்பந்தப்படி குடுக்கறத, அதனால நம்மளது அங்க செல்லாது. எல்லாரும் ஓட்டறாங்கன்னு நாமளும் ஓட்டி எங்கயாவது விழுந்தா டிராவல் இன்சூரன்ஸ் கைவிரிச்சுடும், ஆஸ்பத்திரி செலவு நம்ம தலைல.

சாப்பாட்டப் பொறுத்தவரைக்கும் சைவக்காரங்களுக்கு ஒரு ஆச்சரியம், கேஎல்லுக்கு அடுத்தபடியா சுலபமான ஊர் சைகான். பௌத்தப் பழக்கத்துல சந்திர மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் நிறையப் பேர் சைவம், அதனால சாய்னு போர்டு போட்ட கடை ஏரியாவுக்கு ரெண்டு மூணு இருக்கும், டோஃபு, காளான், கீரைன்னு ஒரு தட்டு நிறையக் கிடைக்கும். பாங்காக்ல ஜேன்னு சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தேடணும், அது மட்டும்தான் மீன் சாஸ் இல்லாத உத்தரவாதம். முட்டை, மீன் சாஸ் பரவாயில்லன்னா பிரச்சனையே இல்ல. இட்லி ஏக்கம் வந்துட்டா சிலோம் பக்கம் போங்க, 19ம் நூற்றாண்டுல தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோயில் அங்க இருக்கு, தாய்க்காரங்களே தட்டு நிறைய பூ வச்சுக்கிட்டு வரிசைல நிப்பாங்க, அதைச் சுத்தி தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கு. சைகான்லயும் டிஸ்ட்ரிக்ட் 1ல மாரியம்மன் கோயில் உண்டு, செட்டியார்கள் அங்க வட்டித் தொழில் பண்ணின காலத்துத் தொடர்பு.

விசா விஷயத்துல பாங்காக் தெளிவா முன்னாடி நிக்குது. 2024 ஜூலைல டிடிவின்னு ஒரு விசா கொண்டு வந்தாங்க, அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவை உள்ள போனாலும் 180 நாள் இருக்கலாம், ரிமோட் வேலை பாக்கறவங்களுக்குன்னே போட்டது. கட்டணம் 10,000 பாட், தூதரகத்துக்குத் தூதரகம் கொஞ்சம் மாறும், வயசு 20 தாண்டியிருக்கணும், பேங்க்ல 5 லட்சம் பாட்டுக்குச் சமமான பணம் காட்டணும், கம்பெனி லெட்டரோ கிளையண்ட் ஒப்பந்தமோ வேணும், தாய்லாந்துக்கு வெளிய இருந்துதான் அப்ளை பண்ணணும். அந்த 5 லட்சம்தான் பலருக்கு இடிக்கும், நம்ம காசுல 13, 14 லட்சம் வந்துடும். மலேசியால டிஇ ராந்தாவ் பாஸ், 2022ல ஆரம்பிச்சது, மூணுல இருந்து பன்னெண்டு மாசம், கட்டணம் 1,000 ரிங்கிட், பேங்க் இருப்பு பெருசா கேக்கமாட்டாங்க, ஆனா வருஷ வருமானம் டெக் வேலைன்னா 24,000 டாலர், மத்த வேலைன்னா 60,000 டாலர் இருக்கணும். சம்பளம் நல்லா வருது, சேமிப்பு கம்மின்னா மலேசியா பாஸ்தான் உங்களுக்கு. வியட்நாம்ல இந்த மாதிரி விசாவே இல்ல, 90 நாள் இ-விசாதான், ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவைன்னா 50. சும்மா ஊர் பாக்கப் போறதுக்கு தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே அனுமதி குடுத்திருக்காங்க, ஆனா அது சுற்றுலாவுக்கு, நாள் கணக்கும் அடிக்கடி மாறுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தூதரக வெப்சைட்ல பாத்துக்கோங்க. எங்கயுமே வருஷத்துல 180 நாளை ஒட்டி இருக்கற பிளான்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க, தாய்லாந்து 2024ல இருந்து அந்த அளவு தங்கறவங்க வெளில இருந்து கொண்டு வர்ற வருமானத்துக்கும் வரி கேக்குது.

செலவுல மூணும் நினைக்கற அளவுக்குத் தூரம் இல்ல. ஸ்டேஷன் பக்கத்துல மாச வாடகைக்கு ஸ்டூடியோ பாங்காக்ல 12,000ல இருந்து 18,000 பாட், கேஎல்ல 1,800ல இருந்து 2,500 ரிங்கிட், சைகான்ல 80 லட்சத்துல இருந்து 1.2 கோடி டாங். பாட் ரெண்டரை ரூபாய்க்கு மேல, ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல, டாங்குக்கு மூணு சைபர வெட்டிட்டு மூணால பெருக்கி கொஞ்சம் கூட்டிக்கோங்க. வாடகைய விட பாங்காக்ல கேக்க வேண்டியது கரன்ட் ரேட். கண்டோன்னா பில்லு நேரா கரன்ட் ஆபீஸ்ல இருந்து வரும், யூனிட்டுக்கு 4 பாட் பக்கம். கட்டடம் முழுக்க ஒரே ஓனர் வச்சிருக்கற அப்பார்ட்மென்ட் பில்டிங்னா ஓனர் 7, 8 பாட் போடுவார், நாள் முழுக்க ஏசி போட்டு வேலை பாக்கற நமக்கு மாசக் கடைசில நல்லாவே தெரியும். ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டு போட்டா ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல பிடிப்பாங்க, அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. ரோட்டுக் கடைல க்யூஆர் ஒட்டியிருக்கும், அது உள்ளூர் பேங்க் அக்கவுண்ட்டுக்கு, கைல சில்லறை வச்சுக்கோங்க. நம்ம ஊர் சிம்மை ரோமிங்ல உயிரோட வச்சிருங்க, பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும், இது இல்லாம எதுவுமே ஓடாது.

முடிவா, வீட்டை விட்டுத் தனியா இருக்கறதே முதல் தடவை, அதை நினைச்சாலே வயித்தக் கலக்குது, இல்லன்னா நடுவுல அப்பா அம்மா வந்து பத்து நாள் தங்கப் போறாங்கன்னா கேஎல் போங்க, ஒரு மாசம், நிம்மதியா இருக்கும். காபிக் கடைல உக்காந்து எழுதற வேலை, பட்ஜெட் டைட், வீடியோ கால் அதிகம் இல்லன்னா சைகான், டெட் புத்தாண்டு வாரத்த மட்டும் தவிர்த்துடுங்க, ஊரே மூடிக் கிடக்கும். மத்த எல்லாருக்கும் பாங்காக். நவம்பர் தொடக்கத்துல போய் இறங்கற மாதிரி பாருங்க, மழை விட்டிருக்கும், ஜனவரி பிப்ரவரில வர்ற புகைமூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கும். இங்க இருந்தே மூணு மாசத்துக்கு ரூம் போட்டுடாதீங்க, முதல்ல ஒரு மாசம் மட்டும், ஆன் நட்லயோ ஆரிலயோ. ஆரி பக்கம் நிதி அமைச்சகம் மாதிரி அரசு ஆபீஸ் நிறைய, அதனால மத்தியானச் சாப்பாட்டுக் கடை மலிவா கிடைக்கும், ஆன் நட்ல வாடகை குறைவு. ஒரு மாசத்துக்குக் குறைவா கண்டோ வாடகைக்கு விடறது அங்க சட்டப்படி தப்பு, அதனால முதல் சில நாளுக்கு ஹோட்டலே போட்டுக்கோங்க. அந்த நாள்ல ரெண்டு மூணு சோய்ல காலை ஏழு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் நடந்து பாருங்க, சத்தம், நாய், விளக்கு வெளிச்சம், சாப்பாட்டு வண்டி எல்லாம் தெரிஞ்சுடும், வெளிநாட்டுக்காரர் எங்க தங்கறார்னு சொல்ற டிஎம்30 பதிவை ஓனர் இமிக்ரேஷன்ல பண்ணித் தருவாரான்னு கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.